கீறல் விழுந்த சிடி: முதலில் தேய்ப்பதா, படிப்பதா?

டிரைவில் போட்ட சிடி இரண்டு முறை உறுமிவிட்டு அடங்கிப்போகிறது. அல்லது பாதிக் கோப்புகள் நகலான நேரத்தில் ஒரு பிழைச்செய்தி வந்து எல்லாவற்றையும் நிறுத்திவிடுகிறது. வெளியே எடுத்து விளக்கொளியில் சாய்த்துப் பார்த்தால், வானவில் நிறங்களுக்குக் குறுக்கே ஒரு கீறல். இந்த இடத்தில் பெரும்பாலோரின் கை பற்பசையைத் தேடித்தான் போகும். என் கையும் போயிருக்கிறது.

2004 வாக்கில் எழுதிய பதினான்கு சிடிக்கள் ஒரு பெட்டியில் இருந்தன. அவற்றில் ஒன்றில் அறுநூறுக்கு மேற்பட்ட புகைப்படங்கள். நானூறு வரை நகலாகும், அதற்குமேல் திணறும். அரைகுறையாக எதற்கு என்று, நகலான நானூறையும் அழித்துவிட்டுத்தான் தேய்க்க உட்கார்ந்தேன். பற்பசை வைத்து வட்டம் வட்டமாக இருபது நிமிடம் தேய்த்ததில் கீறல் மங்கியது. எனக்கோ பெருமை தாங்கவில்லை. மறுபடியும் டிரைவில் போட்டபோது கோப்புப் பட்டியல்கூட வரவில்லை. அந்த நானூறு படங்கள் போனது கீறலால் அல்ல, என்னால்.

அதே பெட்டியில் இருந்த இன்னொரு சிடியை வேறு விதமாக அணுகினேன். அதன் கதை பின்னால் வருகிறது. இப்படி ஒரு தகடு கையில் இருந்தால் உங்களுக்கு உள்ள வழிகள் ஆறு: கழுவுவது, வேறு டிரைவில் போட்டுப் பார்ப்பது, மீட்பு மென்பொருளால் படிப்பது, கீறலை நிரப்புவது, தேய்த்து மெருகேற்றுவது, தரவு மீட்பு ஆய்வகத்திடம் கொடுப்பது. இவற்றில் எது சிறந்தது என்று மட்டும் கேட்டால் விடை தவறாகப் போகும். இது பலிக்காமல் போனால் அடுத்த வழிக்குத் தகடு மிஞ்சுமா என்றும் கேட்க வேண்டும். படிப்பதற்கான முயற்சி நூறு முறை தோற்றாலும் தகடு அப்படியே இருக்கும். தேய்ப்பது ஒரு முறை தோற்றாலே முன்பிருந்த தகடு இனி இல்லை.

கீறல் எந்தப் பக்கம், எந்தத் திசையில்

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் தகட்டைப் பார்க்கத் தெரிய வேண்டும். சிடியின் தடிமன் 1.2 மில்லிமீட்டர். அதில் ஏறக்குறைய முழுவதும் பாலிகார்பனேட் என்ற தெளிந்த பிளாஸ்டிக். தகவல் இருப்பது அந்தப் பிளாஸ்டிக்கின் மேல்முகத்தில், லேபிளுக்கு அடியில். அதன்மேல் ஒளியைத் திருப்பியனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சு, அதற்கு மேல் ஓர் அரக்குப் பூச்சு, அதன்மேல் அச்சு. லேசர் கீழிருந்து புறப்பட்டு முழுத் தடிமனையும் கடந்து போய்த்தான் தகவலைத் தொடுகிறது.

பளபளக்கும் பக்கம்தான் நுட்பமானது என்று எண்ணி, சிடியை லேபிள் பக்கம் கீழே இருக்கும்படி மேசையில் வைப்பவர்கள் உண்டு. நிலைமை நேர்மாறானது. பளபளக்கும் பக்கத்தில் விழும் கீறலுக்கும் தகவலுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர் பிளாஸ்டிக் காவல் நிற்கிறது. லேபிள் பக்கத்தில் சில மைக்ரோமீட்டர் அரக்கு மட்டுமே. அங்கே ஒரு பால்பாயிண்ட் பேனா அழுத்தி எழுதினாலே தகவல் சிதைந்துவிடலாம்.

ஆகவே முதல் சோதனை இது. தகட்டை ஒரு பிரகாசமான விளக்குக்கு நேரே பிடித்து ஊடாகப் பாருங்கள். சில தகடுகளில் உலோகப் பூச்சே மெல்லியதாக இருப்பதால் ஒட்டுமொத்தமாக மங்கலான ஒளி தெரியும், அது இயல்பு. ஊசிக்குத்துப் போன்ற புள்ளிகளோ கூர்மையான கோடுகளோ தெரிந்தால், அந்த இடத்தில் பூச்சு உரிந்துவிட்டது. வீட்டில் எழுதிய சிடி-ஆர் என்றால், தகவலைத் தாங்கும் சாயமும் அதோடு சேர்ந்து போயிருக்கும். அதைத் தேய்த்தோ நிரப்பியோ மீட்க முடியாது. மிச்சமுள்ள பகுதியை மென்பொருளால் படித்தெடுப்பதுதான் வழி.

கீறல் பளபளக்கும் பக்கத்தில் என்றால் அதன் திசையைப் பாருங்கள். சிடியின் தகவல் பாதை உள்ளிருந்து வெளியே போகும் ஒரே சுருள். அடுத்தடுத்த சுற்றுகளுக்கு இடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. லேசர் கற்றை பிளாஸ்டிக்கில் நுழையும் இடத்தில் 0.8 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். தகவலைத் தொடும் இடத்தில்தான் குவிந்து சுமார் 1.7 மைக்ரோமீட்டர் ஆகிறது. மூக்குக்கண்ணாடியில் ஒட்டிய தூசி நமக்குத் தெளிவாகத் தெரியாதது போல, மேற்பரப்பின் மயிரிழைக் கீறல் லேசருக்கும் தெளிவாகத் தெரியாது. அதையும் மீறிப் பிழை நேர்ந்தால் திருத்துவதற்கு ரீட்-சாலமன் குறியீடு இருக்கிறது. தகவலைக் கலைத்துப் பரப்பி எழுதியிருப்பதால், பாதையில் தொடர்ச்சியாகச் சுமார் 2.5 மில்லிமீட்டர் அழிந்தாலும் அது முழுமையாகத் திருத்திவிடும்.

இங்கேதான் திசை முக்கியமாகிறது. நடுத்துளையிலிருந்து விளிம்பை நோக்கி ஓடும் கீறல் பார்க்கப் பயங்கரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் லேசர் அதை ஒரு நொடிப் பிசிறில் குறுக்கே கடந்துவிடுகிறது. கீறலின் அகலம் 2.5 மில்லிமீட்டருக்குள் இருந்தால் திருத்தம் சமாளித்துவிடும். சுருளோடு சேர்ந்து வட்டமாக ஓடும் கீறல் அப்படியல்ல. சிடியின் தகவலைச் செக்டர் என்ற சிறு துண்டுகளாகப் பிரித்துத்தான் எழுதியிருக்கிறார்கள். ஒரு செக்டர் பாதையில் சுமார் 17 மில்லிமீட்டர் நீளம் பிடிக்கும். 0.1 மில்லிமீட்டர் அகலமும் மூன்று சென்டிமீட்டர் நீளமும் கொண்ட ஒரு வளைந்த கீறல் அறுபது சுற்றுகளை மூடி, நூறுக்கு மேற்பட்ட செக்டர்களை ஒரே அடியாக விழுங்கும். போதாததற்கு லேசர் பாதையையே தவறவிடும். சிடியை எப்போதும் நடுவிலிருந்து வெளிப்புறமாக நேர்க்கோட்டில் துடைக்கச் சொல்வது இதனால்தான். நான் வட்டமாகத் தேய்த்த புகைப்படச் சிடிக்கு என்ன ஆயிற்று என்பதும் இப்போது விளங்கும்.

திசையைப் போல இடமும் கணக்கில் வரும். நடுத்துளையைச் சுற்றியுள்ள தெளிந்த வளையத்துக்கு அடுத்து, பளபளப்புத் தொடங்கும் விளிம்பில்தான் தகட்டின் உள்ளடக்க அட்டவணை இருக்கிறது. அங்கே அடிபட்டால், மற்றதெல்லாம் பழுதில்லாமல் இருந்தாலும் டிரைவ் தகட்டையே அடையாளம் காணாது. மாறாக, வெளிவிளிம்பில் அடிபட்ட சிடியில் இழப்பே இல்லாமலும் போகலாம். முழுக்க நிரப்பாத தகடு என்றால் அங்கே எதுவும் எழுதப்பட்டிருக்காது.

கீறல் எதுவும் தெரியாமலே படிக்க மறுக்கும் சிடி-ஆர்களும் உண்டு. பெரும்பாலும் சாயம் வெளுத்ததுதான் காரணம். அவற்றைத் தேய்ப்பது வீண் வேலை.

உள்ளே இருப்பது என்ன

கடையில் வாங்கிய அச்சடித்த தகடு என்றால், இன்னொரு பிரதி கிடைக்குமா என்று பாருங்கள். கிடைக்கும் என்றால் இந்தக் கட்டுரையே தேவையில்லை. கிடைக்காததும், நீங்களே எழுதிய ஒற்றைப் பிரதியும்தான் நம் பிரச்சினை.

பாட்டு, கோப்பு, வீடியோ மூன்றும் ஒரே மாதிரித் தகட்டில் இருந்தாலும் ஒரே மாதிரிப் பாதுகாப்பில் இல்லை. ஒலி சிடியின் செக்டரில் 2352 பைட்டும் ஒலிதான். ரீட்-சாலமன் திருத்தம் கைவிட்டால், முன்னும் பின்னும் உள்ள அலையைப் பார்த்து நடுவில் விட்டதைக் கருவி யூகித்து இட்டு நிரப்பும். ஒரு செக்டர் என்பது நொடியில் 75-இல் ஒரு பங்கு. காது பெரும்பாலும் கவனிக்காது. கோப்புகள் உள்ள தரவுச் சிடியில் யூகத்துக்கு இடமில்லை. எனவே அதே 2352 பைட்டில் உங்களுக்கு 2048 மட்டும் கொடுத்துவிட்டு, மீதியில் இன்னொரு அடுக்குத் திருத்தக் குறியீட்டை வைத்திருக்கிறார்கள். கோப்புச் சிடி அடம்பிடித்தாலும் விட்டுக்கொடுக்காமல் முயல்வதற்கு இது ஒரு காரணம்.

பாவப்பட்டது வீடியோ சிடி. திரையில் ஒரு சிறு சிதறல் வந்தால் யார் கவலைப்படப் போகிறார்கள் என்று, அந்த இரண்டாம் அடுக்கை எடுத்துவிட்டு 2324 பைட்டையும் படத்துக்குக் கொடுத்துவிட்டார்கள். குடும்ப விழாக்களின் ஒற்றைப் பிரதிகள் பல இந்த வடிவத்தில்தான் கிடக்கின்றன. வீடியோ சிடி உங்களிடம் இருந்தால் மற்றவற்றுக்கு முன் அதை எடுங்கள்.

கழுவுவது

இதில் ஒப்பிட எதுவும் இல்லை. எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. வெதுவெதுப்பான நீர், பாத்திரம் துலக்கும் திரவத்தில் ஒரு துளி, விரல்நுனி. பிறகு மைக்ரோஃபைபர் துணியால் நடுவிலிருந்து வெளியே துடைத்துக் காயவிடுங்கள். கீறல் என்று நாம் நினைப்பதில் கணிசமானது கைரேகை எண்ணெயும் காய்ந்த அழுக்கும்தான். பிசுக்கு விடவில்லை என்றால் ஐசோபுரொபைல் ஆல்கஹால் தாங்கும். நகப்பூச்சு நீக்கும் அசிட்டோன், பெயின்ட் தின்னர், பெட்ரோல் ஆகியவற்றைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள். பாலிகார்பனேட் வெளுத்து வெடிப்பு விட்டுவிடும். தாள் லேபிள் ஒட்டிய தகட்டை நீரில் ஊறவிடவும் கூடாது.

வேறு டிரைவ்

செலவில்லாமல் அதிகப் பலன் தரும் வழி இதுதான் என்பது என் அனுபவம். ஆனாலும் இதை முயல்பவர்கள் மிகக் குறைவு. டிரைவ்களின் லேசர் வலிமை, குவியத்தைச் சரிசெய்யும் திறன், பிழை வந்தால் எத்தனை முறை திரும்ப முயல்வது என்ற முடிவு எல்லாம் மாதிரிக்கு மாதிரி வேறுபடும். மடிக்கணினியின் ஒல்லி டிரைவ் மறுத்ததை, மேசைக்கணினியின் பழைய தடித்த டிரைவ் ஒரு முணுமுணுப்போடு படித்துவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். டிவிடி எழுதும் டிரைவ்களும் சிடியை நன்றாகவே படிக்கும். அழித்து மீண்டும் எழுதக்கூடிய சிடி-ஆர்டபிள்யூ என்றால் வித்தியாசம் இன்னும் கூடுதல். அச்சடித்த தகட்டோடு ஒப்பிட்டால் அது திருப்பியனுப்பும் ஒளி மிகக் குறைவு என்பதால் பழைய கருவிகள் சில அதைத் தொடவே மாட்டா.

நல்ல நிலையில் உள்ள வேறொரு சிடியை அதே டிரைவில் போட்டுப் பார்ப்பதும் அவசியம். பழுது தகட்டில் இல்லாமல் தூசி படிந்த லென்ஸில் இருந்தால், பாவம், ஒரு நல்ல சிடியைத் தேய்த்துக்கொண்டிருப்பீர்கள்.

வேகத்தையும் குறைக்கலாம். 52 மடங்கு வேகத்தில் தகடு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10,000 முறை சுழல்கிறது. அந்த ஆட்டத்தில் லேசர் கீறலைத் தாண்டிப் பாதையைப் பிடிப்பது கடினம். 4 அல்லது 8 மடங்குக்கு இறக்கினால் பல தகடுகள் வழிக்கு வரும். லினக்ஸில் எஜெக்ட் என்ற கட்டளையே இதைச் செய்யும். விண்டோஸில் இதற்கென்று சிறு நிரல்கள் இருக்கின்றன. மிகமிகக் குறைந்த வேகம்தான் சிறந்தது என்றும் இல்லை. இரண்டு மூன்று வேகங்களில் முயன்று பாருங்கள்.

நடுத்துளை ஓரத்தில் வெடிப்பு விட்ட தகட்டுக்கு மட்டும் இந்தப் பேச்சு எதுவும் பொருந்தாது. அந்த வேகத்தில் அது டிரைவுக்குள்ளேயே சிதறும். அதை எந்த டிரைவிலும் போடாதீர்கள்.

மென்பொருள்

கோப்பு மேலாளரில் இழுத்துப் போட்டு நகலெடுப்பது கீறல் விழுந்த சிடிக்கு மிக மோசமான முறை. 5 எம்பி கோப்பில் 2 கேபி படிக்க வரவில்லை என்றால், படித்த மீதி 4.998 எம்பியையும் தூக்கியெறிந்துவிட்டு அது நின்றுவிடும். மீட்பு மென்பொருளின் போக்கு வேறு: வருவதை எல்லாம் எடுத்துக்கொள், வராததைக் குறித்துவைத்துக்கொண்டு பிறகு திரும்பி வா.

தரவுச் சிடிக்கு நான் முதலில் எடுப்பது ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ. லினக்ஸ் கட்டளைவரி நிரல். விண்டோஸ்காரர்கள் லினக்ஸை ஒரு யுஎஸ்பியில் ஏற்றி, அதிலிருந்து கணினியைத் தொடங்கி இதை ஓட்டலாம். கோப்பு கோப்பாக எடுக்காமல் முழுத் தகட்டையும் ஒரே ஐஎஸ்ஓ பிம்பமாக, அதாவது தகட்டின் அப்படியே நகலான ஒற்றைக் கோப்பாக, எடுக்கும். முதல் சுற்றில் சுலபமான பகுதிகளை வேகமாக வாரிக்கொள்ளும். அதன்பின் பழுதான பகுதிகளின் ஓரங்களைச் செதுக்கும். கடைசியில் ஒவ்வொரு செக்டராகச் சுரண்டும். எது வந்தது, எது வரவில்லை என்பதை ஒரு வரைபடக் கோப்பில் எழுதிக்கொண்டே வரும். மின்சாரம் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

அந்த வரைபடக் கோப்பின் உண்மையான மதிப்பு என் இரண்டாவது சிடியில்தான் தெரிந்தது. புகைப்படங்களும் சில குரல் பதிவுகளும் நிறைந்த, 700 எம்பி அளவுள்ள தகடு. வளைந்த கீறல்கள் மூன்று. மடிக்கணினி டிரைவில் ஓட்டியபோது 412 செக்டர்கள் வரவில்லை. இந்த முறை கை பற்பசைப் பக்கம் போகாமல், அதே பிம்பத்தையும் அதே வரைபடத்தையும் பழைய மேசைக்கணினிக்கு எடுத்துப் போனேன். நிரல் விடுபட்ட 412-ஐ மட்டும் தேடிப்போனது. டிரைவ் ஓரிடத்தில் ஐந்து நிமிடம் தலை சொறிவது போல டிக், டிக் என்றது, எண்ணிக்கை அசையவில்லை. பிறகு 300, 180, 90 என்று இறங்கி, இரவு படுக்கும்போது 37-இல் நின்றது. ஒரு டிரைவுக்கு முடியாத செக்டர் இன்னொன்றுக்கு முடிகிறது. தனித்தனியாக இரண்டுமே தோற்ற தகடு, சேர்ந்து ஏறக்குறைய முழுமையாகிவிட்டது. வேறு டிரைவா, மென்பொருளா என்று தேர்ந்தெடுக்கவே வேண்டியதில்லை என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

வராத செக்டரால் என்ன நட்டம் என்பது கோப்பைப் பொறுத்தது. ஜேபெக் படத்தில் ஒரு செக்டர் போனால் அந்த இடத்திலிருந்து கீழே சாம்பல் பட்டையாகவோ நிறம் மாறியோ போகும். மேல்பாதி நன்றாக இருக்கும். 128 கேபிபிஎஸ் எம்பி3-இல் ஒரு செக்டர் என்பது 0.13 நொடி, ஒரு விக்கல். ஜிப் கோப்பில் அதே ஒரு செக்டர், உள்ளே இருக்கும் ஆவணம் ஒன்றை முழுவதுமாக முடித்துவிடலாம். இன்னும் ஒரு நாள் முயல்வதா, போதும் என்று விடுவதா என்பதை இதை வைத்து முடிவு செய்யலாம்.

டிடிரெஸ்க்யூவுக்கு ஒலி சிடியும் வீடியோ சிடியும் சரிப்படா. அவற்றின் செக்டர் அமைப்பு வேறு. ஒலிக்கு விண்டோஸில் எக்ஸாக்ட் ஆடியோ காப்பி, லினக்ஸில் சிடிபாரனாய்யா. முதலாவது ஒவ்வொரு செக்டரையும் குறைந்தது இருமுறை படித்து ஒப்பிடும். ஒத்துப்போகவில்லை என்றால் 82 முறை வரை திரும்பத் திரும்பப் படிக்கும். அச்சடித்த இசைத்தகடு என்றால் அக்யூரேட்ரிப் என்ற தரவுத்தளத்தில் மற்றவர்கள் எடுத்த நகலின் சரிபார்ப்பு எண்ணோடு உங்களுடையதை ஒப்பிட்டுப் பார்க்கவும் முடியும். காதை நம்பாமல் நகல் சரி என்று உறுதிசெய்ய இது நல்ல வசதி.

வீடியோ சிடிக்கும் சிக்கலான தகடுகளுக்கும் ஐசோபஸ்டர் என்ற மீட்பு நிரல் நல்லது. அதன் எல்லா வசதிகளும் இலவசமல்ல. ஒரே சிடியில் பல தடவையாக எழுதியிருந்தால், கணினி கடைசித் தடவை எழுதியதை மட்டும் காட்டி முந்தையவற்றை மறைத்திருக்கலாம். ஐசோபஸ்டர் எல்லாவற்றையும் பட்டியலிடும். காலியாகத் தெரியும் சிடியைக் குப்பையில் போடுமுன் ஒருமுறை இதில் திறந்து பாருங்கள்.

மென்பொருளின் எல்லையும் சொல்ல வேண்டும். டிரைவ் தகட்டை அடையாளமே காணவில்லை என்றால் எந்த நிரலும் உதவாது. உள்ளடக்க அட்டவணைப் பகுதியில் பளபளக்கும் பக்கக் கீறல் விழுந்த தகடு அப்படிப்பட்டது. மூன்று நான்கு டிரைவ்களும் கைவிட்டபின் அதற்கு மட்டும், பிம்பம் எடுக்காமலே அடுத்த பகுதிக்குப் போவதைத் தவிர வழியில்லை.

நிரப்புவதும் தேய்ப்பதும்

கீறலின் சரிவான சுவர்கள் லேசரை வேறு பக்கம் வளைத்துவிடுகின்றன. அதைச் சரிசெய்ய இரண்டு வழி: பள்ளத்தை நிரப்புவது, அல்லது சுற்றியுள்ள மேட்டைக் குறைப்பது. பலரும் இரண்டாவதற்கு நேரே தாவுகிறார்கள். நான் முதலாவதை முதலில் செய்யச் சொல்வேன், காரணம் அதைக் கழுவிவிடலாம்.

நிரப்புவதற்குக் கார் மெழுகு போதும். மெழுகின் ஒளிவிலகல் எண் பாலிகார்பனேட்டுக்குச் சமமல்ல. ஆனாலும் காற்றைவிட எவ்வளவோ நெருக்கம். பள்ளத்தில் காற்று இருந்த இடத்தில் மெழுகு இருந்தால் கற்றை முன்புபோல் வழிதவறாது. கீறலின் மேல் மெல்லப் பூசி, காய்ந்ததும் மேற்பரப்பில் மிச்சமில்லாமல் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் சுழற்சியில் தெறித்து லென்ஸில் ஒட்டும். இது தற்காலிக ஒட்டுதான். தகட்டை ஒருமுறை படித்துப் பிம்பம் எடுக்கும் வரை தாங்கினால் நமக்குப் போதாதா? வாழைப்பழத் தோலால் தேய்க்கச் சொல்லும் குறிப்பும் அடிக்கடி கண்ணில் படுகிறது. அது கொஞ்சமாவது பலித்தால் அதன் பிசுக்குப் பள்ளத்தை நிரப்புவதால்தான் இருக்க வேண்டும். அதற்கு மெழுகு எவ்வளவோ சுத்தம்.

மெழுகும் பலிக்காதபோது தேய்ப்பது. முதலில் நகத்தைக் கீறலின் குறுக்கே இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் கையால் தேய்த்துத் தீராது. அது இயந்திரத்துக்கான ஆழம். நகம் வழுக்கிக்கொண்டு போனால் கையால் முயலலாம்.

பற்பசை ஏன் வேண்டாம் என்றால், அது பல்லின் எனாமலுக்காகச் செய்யப்பட்டது. எனாமல் பாலிகார்பனேட்டைவிடப் பலமடங்கு கடினம். துகள் எவ்வளவு பொடி என்பது பசைக்குப் பசை மாறும். ஒரு பெரிய கீறலை எடுத்துவிட்டு ஆயிரம் சிறு கீறல்களைப் பனிமூட்டம் போல விட்டுப்போகும். கார் முகப்பு விளக்கின் கண்ணாடி என்று நாம் சொல்வதும் பாலிகார்பனேட்தான். அதை மெருகேற்ற விற்கும் பாலிஷ் இதே பொருளுக்காகவே உருவானது. இருவகைத் துகள் கொண்டது என்றால் சற்றுக் கரடானதில் தொடங்கி மிக நுண்ணியதில் முடியுங்கள். பற்பசையில் சிலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது, மறுக்கவில்லை. அதைவிடச் சரியான பொருள் இருக்கும்போது அந்தச் சூதாட்டம் எதற்கு?

தேய்க்கும் முறையில் ஒரு சின்ன விஷயத்தை யாரும் சொல்வதில்லை. வெறும் மேசையில் தகட்டை வைத்து அழுத்தினால், அடியில் இருக்கும் ஒரு மணல் துகள் லேபிள் பக்கத்தைக் குத்திக் கிழித்துவிடும். கீழ்ப்பக்கக் கீறலைச் சரிசெய்யப் போய் மேல்பக்கத்தில் தகவலைக் கொல்வது என்றால் இதுதான். சமதளத்தின் மேல் உதறிய சுத்தமான மென்துணியை விரித்து, அதன்மேல் தகட்டை வையுங்கள். பஞ்சுத் துணியில் பட்டாணியளவு பாலிஷ் எடுத்து, கீறல் உள்ள இடத்தில் மட்டும், நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோட்டில், மெதுவாக. அவசரமாக அழுத்தித் தேய்த்தால் சூட்டில் பிளாஸ்டிக் இளகும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை கழுவி விளக்கொளியில் பாருங்கள். கீறல் மறைய வேண்டியதில்லை. அதன் ஓரங்கள் மழுங்கினாலே போதும். இரண்டு மூன்று சுற்றுக்கு ஒருமுறை டிரைவில் போட்டு, அதே வரைபடக் கோப்போடு விடுபட்டதை மட்டும் கேளுங்கள். வரவேண்டியது வந்ததும் பாலிஷை மூடிவிடுங்கள்.

கையால் சுழற்றும் சிறு பழுதுபார்ப்புக் கருவிகள் தகடு முழுவதிலும் கதிர்போல ஒரு மங்கலைப் படியவைக்கும். கோடுகள் நடுவிலிருந்து வெளியே ஓடுவதால் லேசருக்குத் தொல்லை குறைவு. பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பதற வேண்டாம். நூலகங்களும் வாடகைக் கடைகளும் வைத்திருந்த மோட்டார் இயந்திரங்கள் வேறு ரகம். அவை பரப்பு முழுவதையும் சீராகச் சீவி, நகம் மாட்டும் கீறலையும் எடுத்துவிடும். பளபளக்கும் பக்க ஆழ்கீறலுக்குக் கைமுறையோடு ஒப்பிட்டால் அதுவே மேல். கொடுப்பதற்கு முன் ஒரு வேண்டாத சிடியை முதலில் அவர்கள் இயந்திரத்தில் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். தேய்ந்த பட்டை இருந்தால் அதில் தெரிந்துவிடும்.

இவை எல்லாம் சிடிக்கு. டிவிடியில் 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டி, தகவலை நடுவில் வைத்திருக்கிறார்கள். லேபிள் பக்கம் அவ்வளவு பலவீனமல்ல, கீழ்ப்பக்கம் சிடியைவிடச் சற்று அதிகக் கவனம் கேட்கும். ப்ளூ-ரே தகட்டைத் தேய்க்கவே தேய்க்காதீர்கள். அதன் தகவல் மேற்பரப்பிலிருந்து 0.1 மில்லிமீட்டரில் இருக்கிறது, மேலே ஒரு கடினப் பூச்சும் உண்டு. அந்தப் பூச்சைக் கெடுத்தால் பிறகு எந்த வழியும் இல்லை.

ஆய்வகம்

வெடிப்பு விட்ட தகடு, எந்த டிரைவும் அடையாளம் காணாத தகடு, உள்ளே இருப்பது ஈடுசெய்ய முடியாதது: இந்த மூன்றில் ஒன்றாவது பொருந்தினால் ஆய்வகத்தை யோசிக்கலாம். அப்படி யோசிப்பதாக இருந்தால் மெருகேற்றும் முன்பே போங்கள். தேய்த்துக் கெடுத்ததைக் கொண்டுபோனால் அவர்கள் வேலை இரட்டிப்பாகும். ஒளித்தகடுகளுக்கென்று தனிக் கருவி வைத்திருக்கிறீர்களா, அல்லது பல டிரைவ்களில் மாற்றி மாற்றிப் படித்துப் பார்ப்பீர்களா, எதுவும் மீளாவிட்டால் கட்டணம் உண்டா என்று கேளுங்கள். பதில் இரண்டாவது முறையென்றால், அதை நீங்களே வீட்டில் செய்திருப்பீர்கள்.

என் இரண்டாவது சிடி ஆய்வகம் வரை போகவில்லை. 37-இல் நின்ற செக்டர்களைச் சில மாதங்களுக்குப் பிறகு கைக்கு வந்த ஒரு யுஎஸ்பி டிரைவ் 31 ஆக்கியது. ஏறக்குறைய 700 எம்பியில் 62 கேபி மட்டும் பாக்கி: இரண்டு படங்களின் கீழ்ப்பாதியும், ஒரு குரல் பதிவில் ஒரு சிறு இடைவெளியும். தகட்டை இன்னும் தூக்கியெறியவில்லை. அதன் உறையிலேயே பிம்பமும் வரைபடக் கோப்பும் எந்த வட்டில் இருக்கின்றன என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன். புதிதாக ஒரு டிரைவ் கைக்கு வரும்போதெல்லாம் அந்த 31-ஐ ஒருமுறை கேட்டுப் பார்க்கிறேன்.